துறைமுகச் சாலையும் நுண்துகளும்

கொச்சிக் காயலின் நடுவே அமைந்துள்ள வல்லார்பாடம், 2004ஆம் ஆண்டு வரை படகின்றிச் சென்றடைய இயலாத தீவாகவே இருந்தது. செப்டம்பர் மாதத்தில் அங்குள்ள அன்னை மரியாள் ஆலயத் திருவிழாவுக்கு வந்த யாத்திரிகர்களும், எர்ணாகுளத்திற்கு வேலைக்குச் சென்ற தீவு மக்களும் படகுத்துறையில் காத்திருந்தே அக்கரை சேர்ந்தனர். அவ்வாண்டு கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டதும் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகிய தீவுகள் நகரத்துடன் சாலை வழியே இணைந்தன. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் வல்லார்பாடத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கென வேம்பநாட்டுக் காயலின் மீது 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாலமும், களமசேரியிலிருந்து தீவு வரை சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலையும் அமைக்கப்பட்டன. மக்கள் இச்சாலையைக் ‘கன்டெய்னர் ரோடு’ என்றே அழைக்கின்றனர். 2021-22ஆம் நிதியாண்டில் முனையம் கையாண்ட பெட்டகங்கள், இருபதடிப் பெட்டகக் கணக்கில், ஏழு லட்சத்தைத் தாண்டின.

இத்தகைய பெருந்திட்டம் ஒன்றின் வரவு செலவுக் கணக்கில் நிலத்தின் விலை, தூர்வாரும் செலவு, சுங்க வருவாய், வேலைவாய்ப்பு ஆகியவை தவறாது இடம்பெறுகின்றன. ஆனால் திட்டம் இயங்கத் தொடங்கிய பின் அதனருகே வாழ்வோர் சுவாசிக்கும் காற்று எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை. காற்றுக்கு விலையில்லை என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுவதுண்டு. விலையில்லாத பொருளுக்குச் செலவுமில்லை என்று கருதுவது பொருளியலில் பழைய பிழை. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் குறித்துக் கடந்த முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகள் இப்பிழையைப் படிப்படியாகத் திருத்தி வந்துள்ளன. தொழிற்சாலைகளும் துறைமுகமும் நெரிசலான சாலைகளும் ஒருங்கே அமைந்த கொச்சிக்கு அவ்வாய்வுகள் கூறுவது யாது என்பது ஆராயத்தக்கது.

தூசு என்பது என்ன?

காற்றில் மிதக்கும் துகள்கள் ஒரே வகையின அல்ல. சாலைப் புழுதி, சிமெண்டுத் தூள், கடல் அலை தெறித்து உலரும் உப்பு, அடுப்புப் புகை, டீசல் கரி, கந்தக வாயுக்கள் காற்றிலேயே மாற்றமடைந்து உண்டாகும் சல்பேட்டு ஆகிய அனைத்தும் ‘துகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. உடல்நலத்தைப் பொறுத்தவரை அவற்றின் பருமனே முதலில் கவனிக்கப்படுகிறது. பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை மூச்சுக்குழல்களைக் கடந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லும். மனிதத் தலைமயிரின் குறுக்களவு சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதை நோக்கினால் இத்துகள்களின் நுண்மை விளங்கும். டீசல் எஞ்சினின் கரி இதனினும் நுண்ணியது. அதன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே உள்ளன. இவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கக்கூடும். நுண்துகளால் ஏற்படும் மரணங்களில் நுரையீரல் நோய்களைப் போலவே மாரடைப்பும் பக்கவாதமும் பெரும்பங்கு வகிப்பதைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும்.

எடைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள முரண்பாடு இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது. அடர்த்தி ஒன்றாயின், பத்து மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் எடை, பத்தில் ஒரு மைக்ரோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்தின் எடைக்குச் சமம். எனவே வடிதாளை எடைபோட்டு மாசினை அளக்கும்போது, ஒரு லாரியின் சக்கரம் கிளப்பிய புழுதி, அதன் புகைக்குழாய் கக்கிய கரியை மறைத்துவிடக்கூடும். கொச்சியைப் போன்ற கடலோர நகரில் உப்புத் துகளும் அந்த எடையில் சேர்ந்துகொள்கிறது. தராசுக்கு உப்பும் கரியும் ஒன்றே. நுரையீரலுக்கு அவ்வாறு இல்லை.

மொத்த அளவைக் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 12 கன மீட்டர் காற்றை உட்கொள்கிறார் எனக் கொள்வோம். இந்தியத் தரம் அனுமதிக்கும் ஆண்டுச் சராசரியான கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் நுண்துகள் அதில் இருக்குமாயின், நாள்தோறும் உட்செல்வது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஓர் ஆண்டில் ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கை ஒட்டியது. அறுபது ஆண்டுகளில் பத்துக் கிராம் அளவு. இதிலும் ஒரு பகுதி வெளிமூச்சில் திரும்பிவிடும். இவ்வளவு சிறிய பொருள் ஆயுளைக் குறைக்கும் என்பதை மருத்துவ உலகே நெடுங்காலம் ஏற்கத் தயங்கியது.

பேரிடர்களிலிருந்து புள்ளிவிவரத்திற்கு

தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த பேரிடர்களே சான்றாக இருந்தன. 1930ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்டோரும், 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் டொனோரா நகரில் இருபது பேரும் பனிமூட்டத்துடன் கலந்த ஆலைப்புகையால் மாண்டனர். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் வழக்கத்திற்கு மேல் இறந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. அடுத்த மாதங்களின் மரணங்களையும் சேர்த்துப் பின்னர் நடத்தப்பட்ட மறு ஆய்வு, இத்தொகையை ஏறத்தாழ 12,000 என உயர்த்தியது. பிரிட்டனின் தூய காற்றுச் சட்டம் 1956இல் பிறந்தது இதன் விளைவே. எனினும் இத்தகைய புகைமூட்டம் இல்லாத சாதாரண நாட்களில் காற்று தீங்கற்றது என்ற நம்பிக்கை மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அதைக் குலைத்த ஆய்வுகளுள் ஒன்று, ஒரு தொழிற்தகராறின் உபயம் எனலாம். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் இருந்த உருக்காலை 1986 ஆகஸ்டு முதல் 1987 செப்டம்பர் வரை மூடப்பட்டிருந்தது. ஆலை இயங்கிய குளிர்காலங்களில் சுவாச நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடப்பட்டிருந்த குளிர்காலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்ததை ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் கண்டறிந்து 1989இல் வெளியிட்டார். நோய்க்காரணத்தைத் தேடும் துறையில் ஒரு பொருளியலார் நுழைந்தது தற்செயலே. ஆயினும் அவ்வாய்வுக்குத் தேவைப்பட்டது உருப்பெருக்கியன்று, மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடே.

அதைத் தொடர்ந்து 1993இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஆறு நகரங்கள்’ ஆய்வு வெளிவந்தது. 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, புகைபிடித்தல் முதலியவற்றின் விளைவைக் கழித்த பின்னரும், மிகுதியாக மாசடைந்த நகரில் இறப்பு விகிதம் மிகத் தூய நகரைவிட 26 சதவீதம் அதிகம் என அது காட்டியது. அந்த ஆறு நகரங்களில் மிக மோசமானதாகக் கருதப்பட்டதன் காற்றில் இருந்த நுண்துகளின் அளவு, இன்று இந்தியாவின் பல நகரங்களில் ‘நன்று’ என்ற தலைப்பின் கீழ் வெளியாகும் அளவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசினையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதி செய்தது.

தமிழகத்திலும் தில்லியிலும் கண்டவை

மேலைநாட்டு முடிவுகள் நம் நாட்டிற்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. இங்குள்ள உணவு, வயது அமைப்பு, அடுப்புப் புகை, தொற்றுநோய்ச் சுமை யாவும் வேறானவை. இவ்வகையில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வுகள் முன்னோடியானவை. 2002 முதல் 2004 வரையிலான சென்னையின் அன்றாட இறப்புப் பதிவுகளையும் காற்றின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, பத்து மைக்ரோமீட்டருக்குட்பட்ட துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் உயரும்போது அன்றாட இறப்பு 0.44 சதவீதம் உயர்வதை அவர்கள் கண்டனர். அதே காலத்திற்குத் தில்லியில் நடந்த இணை ஆய்வில் கிடைத்த உயர்வு 0.15 சதவீதம் மட்டுமே.

தில்லியின் காற்று சென்னையைவிடப் பன்மடங்கு மாசடைந்தது. அப்படியிருக்க, அங்கு விளைவு குறைவாகவும் சென்னையில் கூடுதலாகவும் தோன்றுவது ஏன்? இரு நகரங்களின் பதிவேடுகளும் மக்களின் வயதும் வேறானவை என்பதால் இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. எனினும் பிற நாடுகளின் ஆய்வுகளும் இதே திசையையே சுட்டுகின்றன. துகளின் அளவையும் நோயின் அளவையும் வரைபடமாக்கினால், கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, மாசு மிகுந்த பகுதியில் சற்றே சாய்கிறது. பொருளியல் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான குறைந்து செல் விளைவு விதி இங்கும் செயற்படுவதாகத் தோன்றுகிறது. முதல் 10 மைக்ரோகிராம் செய்யும் தீங்கு பத்தாவது 10 மைக்ரோகிராம் செய்வதைவிட அதிகம்.

கொச்சிக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது. ‘தில்லியைப் போல் இங்கில்லை’ என்ற ஆறுதல் அரை உண்மையே. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ்த் தரத்தை எட்டாத நகரங்களாகப் பட்டியலிடப்பட்டவற்றுள் தமிழகத்தின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை உள்ளன. கேரளத்தின் எந்த நகரும் இல்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் காற்றைக் கழுவிவிடுவதும், பகலில் கடற்காற்று வீசுவதும் இதற்குக் காரணமாகும். ஆனால் இந்தியத் தரம் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 என வகுத்திருந்த வழிகாட்டு அளவை 2021இல் 5 ஆகக் குறைத்துள்ளது. 40க்கும் 5க்கும் இடைப்பட்ட வெளியில்தான் வரைகோடு செங்குத்தாக உள்ளது. கொச்சி இருப்பதும் அவ்வெளியிலேயே.

கருவிலிருக்கும் குழந்தையும் இதற்கு விலக்கன்று. தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு, கர்ப்ப காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைவதைக் கண்டது. விறகடுப்புக்குப் பதில் சமையல் எரிவாயு தந்தால் இது சீராகிவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் தமிழகம் உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட சோதனையில், அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு 70 மைக்ரோகிராமிலிருந்து சுமார் 24ஆகக் குறைந்தும், பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இம்முடிவு எரிவாயுத் திட்டங்களை மறுப்பதாகாது. தாயின் கண்ணெரிச்சலும் இருமலும் குறைவதே தனிப்பயன். ஆயினும் சான்று எப்போதும் எதிர்பார்த்த பக்கமே சாயும் என்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சராசரிக்குள் மறைவது

காற்றை அளக்கும் பணியில் கொச்சி புதிய ஊரன்று. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுப்புறப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1978இல் பத்து நகரங்களில் கண்காணிப்பைத் தொடங்கியபோதே கொச்சி அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஏலூரில் உரம், பூச்சிகொல்லித் தொழிற்சாலைகளும், அம்பலமுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருந்ததே அதற்குக் காரணம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, பெருங்கொச்சி மிகவும் மாசடைந்த பகுதிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இப்போது வைற்றிலா, ஏலூர் முதலிய இடங்களில் மாநில வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் இயங்குகின்றன.

ஆனால் நிலையம் அளப்பது நிலையத்தின் காற்றையே. நெடுஞ்சாலையோரம் நடந்த அளவீடுகள், டீசல் புகையின் மிக நுண்ணிய துகள்கள் சாலையிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள்ளேயே பெரிதும் அடங்கிவிடுவதைக் காட்டியுள்ளன. எனவே ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையம் ‘நன்று’ எனக் கூறும் நாளிலும், சாலையோர வீட்டின் திண்ணையில் வேறொரு காற்று வீசக்கூடும். தெற்குக் கலிபோர்னியாவில் 3,677 சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பெருஞ்சாலையின் 500 மீட்டருக்குள் வாழ்ந்தோரின் நுரையீரல் வளர்ச்சி பதினெட்டு வயதில் குறைபட்டிருந்ததை 2007இல் வெளியிட்டது. இளமையில் வளராத நுரையீரல் பின்னர் வளர்வதில்லை.

கன்டெய்னர் ரோட்டின் இருமருங்கிலும் இவ்வகையில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. முனையத்திற்குள் நுழையும் முறைக்காகவும், சுங்கத் தாள்களுக்காகவும், சில வேளைகளில் வெறுமனே ஓய்வுக்காகவும் நீண்ட டிரெய்லர் லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்பது பல்லாண்டாக மக்களின் குறையாக இருந்து வருகிறது. விபத்தும் நெரிசலுமே அக்குறையின் பெரும்பகுதி. புகை பற்றிய பேச்சு பின்னரே எழும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடும் லாரி எந்தச் சரக்கையும் நகர்த்துவதில்லை. ஆனால் டீசலை எரிக்கிறது. உற்பத்தியே இல்லாத செலவு என்பதற்கு இதனினும் தூய உதாரணம் கிடைப்பது அரிது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களின் இரவுகளில் கரைக்காற்று மெல்ல வீசும்போது, புகை தரையோடு தங்கிவிடுகிறது.

இச்சாலைக்கும் ரயில் பாதைக்குமாக 2008ஆம் ஆண்டு மூலம்பிள்ளியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களது மறுவாழ்வு குறித்த வழக்குகளும் போராட்டங்களும் கேரளத்தில் நன்கு அறியப்பட்டவை. நிலம் இழந்தோருக்கு ஒரு தொகுப்புத் திட்டமேனும் அறிவிக்கப்பட்டது. நிலம் இழக்காமல் சாலையருகே எஞ்சியவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. இவர்களுக்கும் முன்னதாக எண்ணப்பட வேண்டியவர் லாரி ஓட்டுநரும் துறைமுகத் தொழிலாளருமே. அமெரிக்க லாரிப் போக்குவரத்துத் தொழிலில் 31,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வில், ஓட்டுநர்களுக்கும் சரக்கு ஏற்றி இறக்குவோருக்கும் பணியாண்டுகள் கூடக்கூட நுரையீரல் புற்றுநோயின் அபாயமும் கூடியது தெரியவந்தது.

புகையைக் கண்ணால் கண்டால்தான் கவலை பிறக்கும் என்பதற்குக் கொச்சியிலேயே அண்மைச் சான்று உண்டு. 2023 மார்ச் 2ஆம் நாள் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ ஏறத்தாழ 12 நாள் புகைந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் முகக்கவசம் அணிந்து வீட்டுக்குள் இருக்குமாறு வேண்டப்பட்டனர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பொது இடங்களில் புகைபிடித்தலை 1999இலேயே தடைசெய்த அதே நீதிமன்றம்தான் அது. லண்டனின் ஐந்து நாட்களைப் போல இப்பன்னிரண்டு நாட்களும் நினைவில் நிற்கும். எஞ்சிய 353 நாட்களின் மெல்லிய புகை எந்த நீதிமன்றத்தையும் தட்டி எழுப்புவதில்லை.

நீர்வழி என்னும் சேமிப்பு

காற்று மாசினால் 2019இல் இந்தியாவில் ஏற்பட்ட மரணங்களும் நோய்களும் உற்பத்தியில் விளைவித்த இழப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 சதவீதம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அவ்வாண்டில் வீட்டுப்புகையையும் சேர்த்துக் காற்று மாசினால் நேர்ந்த மரணங்கள் சுமார் 16.7 லட்சம். இத்தகைய மதிப்பீடுகளில் அனுமானங்கள் பல உண்டு. எனினும் மாசுத் தடுப்புக்கு ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டு, தடுக்காததன் செலவைச் சுழியமாகக் கொள்வதைவிட இவை நேர்மையானவை.

எரிபொருளிலும் எஞ்சினிலும் செய்ய வேண்டியதில் ஒரு பகுதி தேசிய அளவில் நடந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறாம் தரம் நடைமுறைக்கு வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய லாரிகளில் கரி வடிகட்டி பொருத்தப்படுகிறது. ஆனால் சாலையில் ஓடும் பழைய லாரிகள் ஓய்வுபெறப் பல ஆண்டு ஆகும். துறைமுகக் குறுந்தூரச் சுமைக்கு வருபவை பெரும்பாலும் நெடுந்தூரத்தில் ஓடிக் களைத்தவையே. கப்பல்களைப் பொறுத்தவரை, எரியெண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவு 2020 ஜனவரி முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கப்பற்புகையின் நுண்துகளால் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் இறப்பதாகவும், தெற்காசியக் கடற்கரை அதிகம் பாதிக்கப்படும் பகுதிகளுள் ஒன்று எனவும் 2007இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. கரையில் நிற்கும் கப்பல் தன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தைப் பெற வேண்டும் என்பது 2023இல் மத்திய அரசு வெளியிட்ட பசுமைத் துறைமுக நெறிகளில் இடம்பெற்றுள்ளது.

பழைய லாரிகளைத் துறைமுகத்திற்குள் படிப்படியாக அனுமதி மறுத்து, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2005ஆம் ஆண்டு அளவில் எண்பது சதவீதத்திற்கும் மேல் டீசல் துகளைக் குறைத்துள்ளன. அதே பகுதியின் சிறுவர்களது நுரையீரல் வளர்ச்சி காற்று தெளியத் தெளியச் சீரடைந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு செலவழித்த பணம் இங்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கு இல்லாத ஒன்று கொச்சியில் உண்டு, அது நீர்வழி.

1993இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தேசிய நீர்வழி, சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்கள் வழியே அம்பலமுகளையும் ஏலூரையும் துறைமுகத்துடன் இணைக்கிறது. உரத்தொழிலுக்கான பாஸ்பேட்டுப் பாறையும் கந்தகமும் தெப்பக் கப்பல்களில் இவ்வழியே செல்வது கொச்சியின் பழைய வழக்கம். திறந்த லாரியில் ஏற்றினால் வழிநெடுகத் தூவிச் செல்லும் இச்சரக்குகளுக்கு நீர்வழியே பொருத்தமானது. பெட்டக லாரிகளையே மிதவையில் ஏற்றி வில்லிங்டன் தீவிலிருந்து போல்காட்டிக்குக் கடத்தும் துறைகளும் அமைக்கப்பட்டன. நகரச் சாலைகளைச் சுற்றிவர வேண்டிய லாரி சில நிமிடங்களில் அக்கரை சேரும் ஏற்பாடு அது. 2018இல் அஸ்ஸாமின் போகிபீல் பாலம் திறக்கப்படும் வரை நாட்டின் மிக நீண்ட ரயில் பாலமாக விளங்கிய வல்லார்பாடப் பாலமோ, அதன் திறனுக்கு மிகக் குறைவாகவே பயன்பட்டு வருகிறது. பாலத்தின் கட்டுமானச் செலவு ஏற்கெனவே செலவாகிவிட்டது; கூடுதலாக ஒரு ரயிலை ஓட்டுவதன் இறுதிநிலைச் செலவே இனிக் கணக்கு. சாலைக் கட்டணம் லாரியின் புகையைக் கணக்கில் கொள்ளாதவரை ரயிலும் மிதவையும் விலையில் தோற்றுக்கொண்டே இருக்கும். அண்டையிலுள்ள புதுவைப்பில் 2013 முதல் திரவ இயற்கை வாயு இறங்குகிறது. துறைமுக லாரிகளுக்கு அதை எரிபொருளாக்குவதில் தொலைவு தடையன்று. பயணிகள் போக்குவரத்தில் 2023 ஏப்ரலில் தொடங்கிய மின்கலப் படகுகளைக் கொண்ட நீர் மெட்ரோ, காயலில் டீசலின்றியும் படகோடும் என்பதை நாள்தோறும் காட்டி வருகிறது.

இவற்றுள் எது எவ்வளவு பயன் தரும் என்பதை முடிவு செய்ய, நகரின் சராசரி போதாது. சாலையிலிருந்து ஐம்பது மீட்டரில் ஒன்று, ஐந்நூறு மீட்டரில் ஒன்று என இரு கருவிகள். எடையுடன் கரியையும் உப்பையும் பிரித்துக் காட்டும் வடிதாள் பரிசோதனை. பருவமழை மாதங்களும் வறண்ட மாதங்களும் அடங்கிய முழு ஓராண்டு அளவீடு. அதனுடன் முளவுகாடு, வல்லார்பாடம் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இழைப்புக்கும் இருமலுக்கும் வருவோரின் பதிவேடு. நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கென ‘ஸ்வாஸ்’ சிகிச்சைப் பிரிவுகளைக் குடும்ப நல மையங்களில் தொடங்கியுள்ள கேரளத்தில் இத்தகைய பதிவேடு புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. யூட்டாவின் பேராசிரியருக்குக் கிடைத்ததும் அத்தகைய ஒரு பதிவேடுதான். துறைமுகம் ஓராண்டு மூடப்பட வேண்டுமென்பதில்லை. லாரி வரிசையை முனையத்தின் வாகன நிறுத்தத்திற்குள் கொண்டுவந்து, எஞ்சின்களை அணைக்கச் செய்த மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் ஒப்பிட்டாலே முதல் விடை கிடைத்துவிடும்.